கப்பலும் கையொப்பமும்: ஸ்காட்லாந்து அரசிடம் கணக்குக் கேட்ட கால் நூற்றாண்டு

1. பொருளும் சொல்லும்

ஒரு நாட்டின் நாடாளுமன்றம் தன் அதிகாரங்களுள் சிலவற்றை, அந்நாட்டின் ஒரு பகுதிக்கென அமைந்த மன்றத்திடம் சட்டத்தின் வழி ஒப்படைப்பதை அதிகாரப் பகிர்வு என்பர். கூட்டாட்சியில் மாநிலத்தின் அதிகாரம் அரசியலமைப்பிலிருந்தே பிறக்கிறது. அதிகாரப் பகிர்விலோ, ஒப்படைத்த நாடாளுமன்றமே சட்டப்படி மேலானதாக நீடிக்கிறது. இலங்கையின் 13ஆம் திருத்தத்தைச் சுற்றி நடந்த நெடிய விவாதங்களால் இச்சொல் தமிழ் வாசகர்க்குப் பழகியதே எனினும், அவ்விவாதங்கள் எவ்வளவு அதிகாரம் வந்தது, எவ்வளவு வரவில்லை என்ற கேள்வியோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. வந்த அதிகாரத்தைக் கொண்டு மருத்துவமனையும் பள்ளியும் போக்குவரத்தும் எவ்வாறு நடத்தப்பட்டன, நடத்தியவரிடம் கணக்குக் கேட்க யாரால் முடிந்தது என்னும் இரண்டாம் கேள்வியை, 1999 முதல் தனக்கென ஒரு நாடாளுமன்றத்தைக் கொண்டிருக்கும் ஸ்காட்லாந்தின் அனுபவத்தை வைத்து ஆராய்வதே இச்சொற்பொழிவின் நோக்கம்.

பொறுப்புக்கூறல் என்பது மூன்று செயல்களின் தொகுப்பு. முடிவெடுத்தவர் இன்னார் என்பது வெளிப்படையாகத் தெரிய வேண்டும். அவர் தம் முடிவுக்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டிருக்க வேண்டும். சொன்ன காரணம் நில்லாதபோது அதன் விளைவை அவர் ஏற்க வேண்டும். பொதுவாழ்வில் மூன்றாவதற்கே ஆரவாரம் மிகுதி. பதவி விலகு என்னும் முழக்கம் எளிதில் எழுந்துவிடும். ஆனால் முதல் இரண்டும் இல்லாத இடத்தில் மூன்றாவது வெறும் கூச்சலாகவே முடியும் என்பதையும், முதல் இரண்டும் உரிய காலத்தில் எழுதி வைக்கப்பட்ட ஒரு தாளைச் சார்ந்தே நிற்கின்றன என்பதையும் ஸ்காட்லாந்தின் வரலாறு காட்டுகிறது.

2. அதிகாரம் வந்த வழி

1979இல் நடந்த பொது வாக்கெடுப்பில் வாக்களித்தோருள் 51.6 விழுக்காட்டினர் தனி மன்றம் வேண்டும் என்றனர். எனினும் மொத்த வாக்காளர்களுள் 40 விழுக்காட்டினரின் ஆதரவு தேவை என்ற நிபந்தனை நிறைவேறாமையால் அம்முயற்சி வீழ்ந்தது. 1997 செப்டம்பர் 11 அன்று நடந்த இரண்டாம் வாக்கெடுப்பில் 74.3 விழுக்காட்டினர் ஆதரித்ததை அடுத்து, 1998ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்துச் சட்டம் இயற்றப்பட்டு, 129 உறுப்பினர்களைக் கொண்ட நாடாளுமன்றம் எடின்பரோவில் 1999இல் கூடியது.

அச்சட்டத்தின் அமைப்பு கவனிக்கத்தக்கது. இந்திய அரசியலமைப்பு மாநிலங்களுக்கு உரியவற்றைப் பட்டியலிட்டு, எப்பட்டியலிலும் சேராத எஞ்சிய அதிகாரத்தை ஒன்றியத்திடம் வைக்கிறது. ஸ்காட்லாந்துச் சட்டமோ பாதுகாப்பு, வெளியுறவு, நாணயம் போன்று இலண்டனிடம் நிற்பவற்றை மட்டும் பட்டியலிட்டு, எஞ்சியவை அனைத்தையும் எடின்பரோவிடம் விடுகிறது. மருத்துவம், பள்ளிக் கல்வி, காவல், உள்ளாட்சி, தீவுகளுக்கான கப்பல் போக்குவரத்து ஆகியவை இவ்வாறே ஸ்காட்லாந்து அரசின் முழுப் பொறுப்பாயின.

பணத்தின் வழி இவ்வளவு தெளிவாக அமையவில்லை. 1970களின் இறுதியில் கருவூல அமைச்சராக இருந்த ஜோயல் பார்னெட்டின் பெயரால் வழங்கும் சூத்திரத்தின்படி, இங்கிலாந்தில் ஒரு பொதுச் சேவைக்கான செலவு மாறும்போது, மக்கள்தொகை விகிதப்படி அதற்கு ஈடான மாற்றம் ஸ்காட்லாந்தின் மொத்த மானியத்தில் செய்யப்படுகிறது. அம்மானியத்தை எதற்குச் செலவிடுவது என்பது எடின்பரோவின் விருப்பம். இதனால் சேவை குறையும்போதெல்லாம் ஒரு தரப்பு பணம் போதவில்லை என்றும், மறு தரப்பு கொடுத்த பணம் வீணாயிற்று என்றும் சொல்ல இடம் உண்டாயிற்று. 2017 ஏப்ரல் முதல் ஊதிய வருமானத்தின் மீதான வரி விகிதங்களையும் அடுக்குகளையும் எடின்பரோவே வகுப்பதால், தட்டிக்கழிக்கும் அவ்விடம் சற்றுக் குறுகியிருக்கிறதே அன்றி அடைபட்டுவிடவில்லை.

3. கேட்பதற்கென அமைந்தவை

புதிய நாடாளுமன்றத்தின் முதல் சோதனை அதன் சொந்தக் கட்டடமாகவே அமைந்தது. 1997ஆம் ஆண்டின் வெள்ளை அறிக்கை 1 கோடி முதல் 4 கோடி பவுண்டு வரை ஆகும் எனக் கணித்த ஹோலிரூட் கட்டடம், மூன்று ஆண்டுத் தாமதத்துடன் 2004இல் திறக்கப்பட்டபோது செலவு 41 கோடிப் பவுண்டைத் தாண்டியிருந்தது. ஃப்ரேசர் பிரபு தலைமையிலான விசாரணை அதே ஆண்டில் அறிக்கை அளித்தது. செலவு உயர்வைப் பற்றிய கவலைகள் அதிகாரிகளிடமிருந்து அமைச்சர்களுக்கு உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை என்பது அதன் முக்கியமான கண்டனங்களுள் ஒன்று.

கணக்குக் கேட்கும் கருவிகள் இல்லாமல் இல்லை. 1998ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்துச் சட்டம் தலைமைத் தணிக்கையாளர் பதவியையும், 2000ஆம் ஆண்டின் பொது நிதிச் சட்டம் அவருக்குத் துணையாகத் தணிக்கை ஸ்காட்லாந்து என்னும் அமைப்பையும் உண்டாக்கின. நாடாளுமன்றத்தின் பரிந்துரைப்படி நியமிக்கப்படும் இத்தணிக்கையாளர், பணம் சிக்கனமாகவும் திறமையாகவும் பயன் தரும்படியும் செலவாயிற்றா என ஆராயலாம். அரசின் கொள்கை சரியா என்று மட்டும் அவர் கேட்பதற்கில்லை. அவருடைய அறிக்கைகள் ஆளுங்கட்சியைச் சேராதவர் தலைமை தாங்கும் பொதுத் தணிக்கைக் குழுவின் முன் வருகின்றன. 2005 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த தகவல் அறியும் சட்டத்தின்படி, பொது அமைப்புகள் பொதுமக்களின் வேண்டுகோளுக்கு 20 வேலை நாட்களுக்குள் விடையளிக்க வேண்டும்.

இவற்றோடு, பலரும் அறியாத இன்னொரு கருவியும் உண்டு. ஒவ்வொரு துறையின் பணத்திற்கும் நாடாளுமன்றத்தின் முன் நேரடியாகப் பதில் சொல்லக் கடமைப்பட்ட உயர் அதிகாரி ஒருவர் இருக்கிறார். அவரைக் கணக்குப் பொறுப்பு அலுவலர் எனலாம். அமைச்சர் இடும் ஒரு பணி, செலவுக்கு ஏற்ற பயன் தராது என அவர் கருதினால், எழுத்துமூல ஆணை தருமாறு அமைச்சரைக் கேட்க வேண்டும். ஆணை கிடைத்ததும் பணியைச் செய்து, அதன் படியைத் தணிக்கையாளருக்கு அனுப்ப வேண்டும். முடிவெடுக்கும் உரிமை அமைச்சரிடமே இருக்கிறது. ஆனால் அம்முடிவின் அடியில் அவருடைய கையொப்பம் நிற்க வேண்டும்.

4. இரண்டு கப்பல்கள்

இக்கருவிகளின் வலிமையையும் வலிமையின்மையையும் ஒருங்கே காட்டுவது கிளைட் ஆற்றங்கரையில் உள்ள போர்ட் கிளாஸ்கோவின் ஃபெர்குசன் கப்பல் கட்டும் தளத்தில் நடந்தது. மேற்குக் கரைத் தீவுகளின் மக்களுக்குப் பயணக் கப்பலே பேருந்து, சரக்கு வண்டி, மருத்துவமனைக்குப் போகும் வழி எல்லாம். அச்சேவையில் கப்பல்களையும் பல துறைமுகங்களையும் உடைமையாகக் கொண்டிருப்பது ஓர் அரசு நிறுவனம். அவற்றை ஓட்டுவது கால்மாக் என்னும் மற்றோர் அரசு நிறுவனம். இரண்டுக்கும் பணம் வழங்குவது அரசின் போக்குவரத்து முகமை. மூன்றும் அமைச்சர்களுக்குக் கீழ்ப்பட்டவையே ஆயினும், கேள்வி எழும்போது ஒன்று மற்றொன்றைக் கைகாட்ட இவ்வமைப்பு வசதியாக இருந்தது.

2015 அக்டோபரில் இரண்டு கப்பல்களைக் கட்டுவதற்கான 9 கோடியே 70 லட்சம் பவுண்டு ஒப்பந்தம் ஃபெர்குசனுக்கு வழங்கப்பட்டது. கப்பல் கட்டும் தொழிலில், கட்டுபவர் நொடித்துப்போனால் அதுவரை தவணையாகச் செலுத்திய பணம் திரும்பக் கிடைக்கும் என முழு உத்தரவாதம் பெறுவது வழக்கம். இவ்வொப்பந்தத்தில் அது முழுமையாகக் கிடைக்காததால், கப்பல் வாங்கும் நிறுவனம் தன் கவலையை முன்கூட்டியே தெரிவித்தது. இருந்தும் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2017 நவம்பரில் கிளென் சான்னக்ஸ் என்னும் முதல் கப்பலை அன்றைய முதலமைச்சர் நீரில் இறக்கி வைத்தபோது, மாலுமி அறையின் சன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்தப்பட்டிருக்கவில்லை. அவ்விடத்தில் கறுப்பு வண்ணம் பூசப்பட்டிருந்தது. அரசு 4 கோடியே 50 லட்சம் பவுண்டு கடன் கொடுத்தும் தளம் 2019 ஆகஸ்டில் நொடித்தது. ஆண்டு முடிவதற்குள் அரசே அதை உடைமையாக்கிக்கொண்டது.

2022 மார்ச்சில் தலைமைத் தணிக்கையாளர் ஸ்டீவன் பாய்ல் வெளியிட்ட அறிக்கை, செலவு குறைந்தது 24 கோடிப் பவுண்டை எட்டும் என மதிப்பிட்டது. அதைவிட ஆழமாகத் தைத்தது வேறொரு கண்டுபிடிப்பு: முழு உத்தரவாதம் இல்லாத ஆபத்தை அமைச்சர்கள் ஏன் ஏற்றனர் என்பதற்குப் போதிய ஆவணம் எதுவும் இல்லை. அதே ஆண்டு மே மாதத்தில் 2015ஆம் ஆண்டு மின்னஞ்சல் ஒன்று கண்டெடுக்கப்பட்டு வெளியிடப்பட்டது. ஒப்புதல் போக்குவரத்து அமைச்சருடையது என்பது அதனால் தெரிந்தது, அவர் ஒப்பியதன் காரணம் தெரியவில்லை. அன்று அமைச்சரிடம் எழுத்துமூல ஆணை கேட்கப்படவுமில்லை.

இதற்கு நேர்மாறாக அமைந்தது 2023 மே மாத நிகழ்வு. கிளென் ரோசா என்னும் இரண்டாம் கப்பலைத் தொடர்ந்து கட்டுவதைவிட, புதிய கப்பலை வேறிடத்தில் வாங்குவது மலிவு என்று மதிப்பீடு காட்டியது. கணக்குப் பொறுப்பு அலுவலர் எழுத்துமூல ஆணை கேட்டார். பொருளாதார அமைச்சர் நீல் கிரே அதை வழங்கி, தீவு மக்களுக்குக் கப்பல் விரைவில் கிடைப்பதையும் தளத்தின் எதிர்காலத்தையும் காரணமாகக் காட்டி நாடாளுமன்றத்திடம் அறிவித்தார்.

5. பன்னிரண்டு வார வாக்குறுதி

சட்டத்தில் எழுதி வைப்பதனாலேயே சேவை வந்துவிடாது என்பதற்கு மருத்துவத் துறை சான்று. 14 வட்டார மருத்துவ வாரியங்கள் நடத்தும் பொது மருத்துவச் சேவையில், சிகிச்சைக்கு ஒப்புதல் ஆன நாளிலிருந்து 12 வாரத்திற்குள் உள்நோயாளிக்குச் சிகிச்சை தொடங்க வேண்டும் என நோயாளர் உரிமைச் சட்டம் 2011இல் உறுதியளித்து, 2012 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் தவறினால் இழப்பீடு கோரி வழக்குத் தொடுக்க இவ்வுறுதி இடம் தராது என்பதையும் அதே சட்டம் தெளிவாக்கிவிட்டது. ஆண்டுக்கணக்கில் மிகப் பலரின் காத்திருப்பு 12 வாரத்தைக் கடந்துகொண்டிருக்கிறது. மூட்டு மாற்று அறுவைக்குக் காத்திருக்கும் முதியவருக்கு வாரியம் காரணமும் வருத்தமும் சொல்லலாம், நீதிமன்றம் இழப்பீடு வழங்குவதற்கில்லை. தண்டனை இல்லாத சட்டம் உரிமையின் பெயரைச் சூடிய இலக்கு மட்டுமே. இருந்தும் அதனால் ஒரு நன்மை உண்டு: இலக்கு எண்ணாக இருப்பதால், அது தவறியது ஒவ்வொரு காலாண்டுப் புள்ளிவிவரத்திலும் மறைக்க முடியாதபடி தெரிகிறது.

6. அளவுகோலும் வாக்குச்சீட்டும்

அவ்வெண்ணையும் இழந்தால் என்னவாகும் என்பதைக் கல்வித் துறையில் காணலாம். மாணவர்களின் கணிதம், அறிவியல், வாசிப்புத் திறன்களைப் பிற நாடுகளோடு ஒப்பிடும் இரண்டு பன்னாட்டு ஆய்வுகளிலிருந்து ஸ்காட்லாந்து 2010ஐ ஒட்டி விலகியது. எழுத்தறிவையும் எண்ணறிவையும் அளந்த உள்நாட்டு ஆய்வும் சில ஆண்டுகளில் நிறுத்தப்பட்டது. புதிய பாடத்திட்டம் வேரூன்றிய அதே ஆண்டுகளில், அதன் விளைவைத் தொடர்ச்சியாக அளக்கும் கோல்கள் இவ்வாறு குறைந்தன. பன்னாட்டு ஆய்வுகளில் மீண்டும் சேர்வதென 2023இல் முடிவாயிற்று. ஆயினும் இடைப்பட்ட ஆண்டுகளின் வெற்றிடத்தைப் பின்னாளில் யாராலும் நிரப்ப முடியாது.

இறுதியில் தேர்தல் இருக்கிறதே என்பர். 2014இல் 84.6 விழுக்காட்டினர் வாக்களித்த விடுதலை வாக்கெடுப்புக்குப் பின், ஸ்காட்லாந்தின் வாக்குகள் பெருமளவு தனிநாடா, ஒன்றியமா என்ற கோட்டின்படியே பிரிந்தன. மருத்துவமனை வரிசையின் நீளமும் கப்பலின் தாமதமும் அக்கோட்டைக் கடந்து வாக்கை மாற்றுவது அரிதாயிற்று. 2007 முதல் ஒரே கட்சி தொடர்ந்து ஆட்சி நடத்த இதுவும் ஒரு காரணம். வாக்குச்சீட்டு ஒரு நேரத்தில் ஒரு கேள்விக்குத்தான் விடை சொல்லும். பெருங்கேள்வி ஒன்று அதை நிரப்பிவிட்டால், சேவைகளின் கணக்கைக் கேட்கும் சுமை முழுவதும் தணிக்கையாளர், குழு, இதழாளர், தகவல் கேட்கும் குடிமகன் ஆகியோரின் மேல் விழுகிறது. அவர்கள் கையில் ஆவணம் இல்லையேல், அச்சுமையை அவர்களாலும் தாங்க முடியாது.

7. நிறைவுரை

கிளென் சான்னக்ஸ், திட்டமிட்ட 2018க்குப் பல ஆண்டுகள் பிந்தி, 2025 சனவரி 13 அன்று ஆரன் தீவுக்குத் தன் முதல் பயணச் சேவையைத் தொடங்கியது. நெடுங்காலப் புறப்பாட்டிடமான ஆர்ட்ராசன் துறைமுகம் அக்கப்பலுக்குப் பொருந்தாமையால், அது ட்ரூனிலிருந்து புறப்பட வேண்டியதாயிற்று.

அதிகாரத்தைப் பகிர்ந்து பெறும் எந்தப் பகுதியும் இதிலிருந்து கற்கத்தக்கது ஒன்று உண்டு. அமைச்சர்கள் மாறுவர், நிறுவனங்கள் பெயர் மாறும், ஒரு சட்டம் வேறொரு சட்டத்தால் திருத்தப்படும்; ஆனால் முடிவெடுத்த நாளிலேயே காரணத்தை எழுதிக் கையொப்பமிடும் கடமை நிலைத்திருந்தால், பின்வருவோர் எப்போதும் கணக்குக் கேட்க இயலும். 2023ஆம் ஆண்டின் முடிவு தவறென்று வாதிடுவோர்க்கு எதிர்வாதம் செய்வதற்கு ஒரு தாள் உண்டு. அதில் ஒரு பெயரும் ஒரு காரணமும் உள்ளன. 2015ஆம் ஆண்டின் முடிவுக்கோ, பெயர் வெளிவரவே ஆறரை ஆண்டுகள் ஆயின. காரணம் இன்னும் எழுதப்படாமலே இருக்கிறது.