ஏரிக்கரையைக் காத்தல்
(ஐக்கிய நாணய சங்க அங்கத்தினர் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



மண்கரை எதுவாயினும் சிறிது கசிந்தே தீரும். தெளிந்த நீர் அளவு மாறாமல் கசியுமாயின் கவனித்து வருதல் போதும். கலங்கிய நீர் வருமாயின், கரையின் உள்மண் அரிபட்டு வெளியேறுகிறதென்று அறியவேண்டும். மதகின் ஓரமும், மக்கிய வேரும், எலி நண்டு வளைகளுமே இவ்வரிப்புக்கு வழியாகும்.

இலங்கையில் பண்டை மன்னர் கட்டிய கந்தளாய்க் குளத்தின் கரை 1986-ஆம் வருஷம் ஏப்ரல் 20-ஆம் தேதி, விடியுமுன் உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆதலால் கரையின் வயது அதன் பலத்துக்குச் சாட்சியாகாது.

அதிக நீர் தேக்க விரும்பிக் கலிங்கின்மேல் மண் போட்டு உயர்த்துவது பெரும்பிழை. வெள்ளம் கரைமேல் வழிந்தால் மண் நில்லாது.

மழைக்காலத்தில் அங்கத்தினர் இருவரிருவராய் முறைவைத்துக் கரையைப் பார்த்து வருக. கலங்கிய கசிவு கண்டால் வெளிப்புறத்தில் களிமண்ணை அப்பி அடைக்கலாகாது. உள்ளே நீரின் அழுத்தம் பெருகும். மணலும் அதன்மேல் சரளையும் இட்டு, மராமத்து அதிகாரிகளுக்கு உடனே அறிவித்து, அவர்கள் சொற்படி மதகைத் திறந்து நீர்மட்டத்தைத் தாழ்த்துக.

நாம் கடன் வாங்கிப் பயிரிட்ட நிலமும், அக்கடனுக்கு ஜாமீன் நின்ற அண்டை வீட்டாரும் இக்கரையின் கீழேயே இருப்பதை மறவாதீர்கள்.