தரையோடு: நாமே பதிப்பதா, மேசனை அழைப்பதா?



மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் சாணமிட்டு மெழுகிய மண்தரைகள் அருகி வருகின்றன. டைல்ஸ் எனப்படும் தரையோடு வீடுதோறும் புகுந்துவருகின்றது. மெழுகிய தரையிற் குழி விழுந்தால், மறுநாளே மண்ணிட்டுத் திருத்தலாம். பதித்த ஓட்டைப் பெயர்த்தாலோ பெரும்பாலும் அது உடைந்துவிடும். ஆகவே, நாமே பதிப்பதா, கூலி கொடுத்து மேசனை அமர்த்துவதா என்ற வினாவைத் தீர ஆராய்தல் வேண்டும்.

ஓட்டின் உறுதி அதன் கீழே இருக்கின்றது. நமது மண் பெரும்பாலும் மணற்பாங்கானது. வடகீழ்ப் பருவமழையின்போது நிலத்தடி நீரும் மேலெழும். நிரப்பிய மண்ணைப் படைபடையாக நனைத்து இறுக்காவிடின், தரை தாழ்ந்து ஓடு வெடிக்கும். கடற்கரை மணலைக் கலவைக்குச் சேர்த்தால், அதிலுள்ள உப்பு ஈரத்தோடு மேலேறி வெண்மையாகப் பூக்கும். இவ்விரண்டையும் கவனிப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு.

ஈரம் படாத சிறிய அறையொன்றை, பொறுமையுள்ளவர் தாமே முயன்று பார்க்கலாம். மூலையிலிருந்து ஒரு சுவரோரம் 3 அடியும் மறு சுவரோரம் 4 அடியும் அளந்து குறியிடுக. குறிகளுக்கிடையே 5 அடி இருந்தால் மூலை நேரானது. ஓடுகளை முதலில் கலவையின்றிப் பரப்பிப் பார்த்தல் நன்று. வெட்டும்போது எழும் தூசு நுரையீரலுக்குக் கேடு. மூக்கையும் வாயையும் தக்க முகக்கவசத்தால் மூடிக்கொள்ளல் வேண்டும்.

குளியலறையோ வேறு. அங்கே ஒரு மீற்றருக்கு ஒரு சென்ரிமீற்றரளவு சரிவு, நீர் வெளியேறும் துவாரத்தை நோக்கி அமைதல் வேண்டும். சரிவு பிழைத்தால் நீர் தேங்கும். முதியவர் வழுக்கி விழுந்து எலும்பு முறியவும் கூடும். அங்கு மிச்சப்படுத்திய கூலி வைத்தியசாலையிற் செலவாகும். இரண்டடிச் சதுரப் பேரோடுகளும் அத்தகையனவே. சிறிது மட்டம் தவறினாலும் விளிம்பு காலில் இடறும். இவற்றைப் பழகிய கைக்கே விடுக.

மேசனை அழைப்பது பொறுப்பைக் கைவிடுவதாகாது. 2012ஆம் ஆண்டில் வடக்கிலும் கிழக்கிலும் இந்திய வீடமைப்புத் திட்டம் விரிவாகத் தொடங்கியபோது, வீடொன்றுக்கு 5,50,000 ரூபா உதவி பயனாளிகளுக்கே வழங்கப்பட்டது. பொருள் வாங்குவதும் வேலையாளைத் தேர்வதும் வேலையை மேற்பார்ப்பதும் அவர்கள் பொறுப்பாயின. வேலை முன்னேறிய படிமுறைக்கேற்பப் பணம் கிடைத்தது. இம்முறை நமக்கும் பாடமாகும். கூலி முழுவதையும் முன்கூட்டியே கொடாதீர்கள். கலவை இறுகிய பின் ஒவ்வோர் ஓட்டையும் தட்டிப் பாருங்கள். வெற்றொலி எழும் இடத்தை மீண்டும் பதிப்பியுங்கள். குளியலறையில் ஒரு வாளி நீரூற்றி, அது வடிந்தோடுவதைக் கண்ட பின்னரே மிகுதிக் கூலியைக் கொடுங்கள்.

சுருங்கக் கூறின், பிழை நேர்ந்தால் இழப்பது இரண்டொரு ஓடுகள் மட்டுமெனில் நாமே செய்யலாம். வீட்டாரின் உடல்நலத்துக்கே தீங்கு வருமெனில், தொழிலறிந்தவருக்கு உரிய கூலியை மனமுவந்து கொடுப்பதே சிக்கனம்.