வரைபலகை தேடிக் கடல் கடந்தோர்



பத்தாண்டு நிறைவு விழாவில் கவிதையைப் பற்றிப் பேசாமல், அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலை பயில விரும்பும் மாணவர் தம் பள்ளியை எதைக் கொண்டு தேர்ந்துகொள்வது என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இப்பொருள் இவ்வவைக்கு ஏற்றதுதானா என்று சிலர் ஐயுறக்கூடும். அந்த ஐயத்தை நக்கீரரே தீர்த்துவைக்கிறார். நெடுநல்வாடையில் அரசனின் மனைக்கு நிலம் வகுக்கும் பகுதியை நினைவுகூருங்கள். நண்பகலில் கோல் நட்டு, நிழல் பார்த்துத் திசை தேர்ந்து, கயிறிட்டு அளந்து மனையைப் பகுத்தவர்களை அவர் புலவர் என்றே குறிக்கிறார். செய்யுள் யாத்தவருக்கும் மனை வகுத்தவருக்கும் ஒரு பெயரையே வழங்கிய மொழி நம்முடையது. எனவே இதை வேற்றார் செய்தியாகக் கருதாமல் பங்காளி வீட்டுச் செய்தியாகக் கேட்க வேண்டுகிறேன்.

பேசுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. நம் வட்டத்துக் குடும்பங்கள் சிலவற்றில் இக்கேள்வி இப்போது உயிருள்ள கேள்வி. நிலத்தை விற்றோ, வங்கியில் வீட்டுப் பத்திரத்தை வைத்தோ பிள்ளையை அனுப்ப வேண்டிய நிலை. அத்தகைய முடிவை எடுக்கும் பெற்றோரின் கையில் பெரும்பாலும் இருப்பது ஒரு தரவரிசைப் பட்டியல் மட்டுமே. பட்டியல் பொய் சொல்வதில்லை. ஆனால் நாம் கேட்காத கேள்விக்கு விடை சொல்கிறது. முன்பு கடல் கடந்து சென்றவர்கள் என்ன கண்டார்கள் என்று பார்த்தால், கேட்க வேண்டிய கேள்விகள் தாமே எழும்.

1953ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்கிறேன். மான்செஸ்டரில் கட்டடக் கலை பயின்றுகொண்டிருந்த நைஜீரிய மாணவர் அடெடோகுன் அடெயெமி. தமக்குக் கற்பிக்கப்படும் பாடம் தம் நாட்டின் வெயிலுக்கும் மழைக்கும் உதவாது என்பதை அவர் உணர்ந்தார். உணர்ந்ததைத் தமக்குள் புழுங்கிக் கொண்டிராமல் வெளியில் எடுத்துரைத்தார். அவரது முறையீட்டை ஒட்டி, வெப்பமண்டலக் கட்டடக் கலை குறித்து லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் அவ்வாண்டு ஒரு மாநாடு கூடிற்று. அதன் பயனாக 1954இல் லண்டனின் ஆர்க்கிடெக்சரல் அசோசியேஷன் பள்ளியில் வெப்பமண்டலக் கட்டடக் கலைக்கெனத் தனித் துறையே தோன்றியது. முதலில் தலைமை ஏற்றவர் சண்டீகரில் பணியாற்றிய மேக்ஸ்வெல் ஃப்ரை. அவருக்குப் பின் ஒட்டோ கேனிஸ்பெர்கர். நாஜிகளின் ஆட்சி வந்ததும் ஜெர்மனியை விட்டு நீங்கி, மைசூர் அரசின் தலைமைக் கட்டடக் கலைஞராக விளங்கி, நேரு அரசில் வீட்டுவசதி இயக்குநராகவும் இருந்தவர். ஆசிரியர்களுக்கே நம் போன்ற நாடுகள் பாடம் கற்பித்திருந்தன என்று கொள்ளலாம்.

அந்தத் துறைக்கு வந்தவர்களுள் ஒருவர் டாக்காவின் முஸாருல் இஸ்லாம். 1952இலேயே அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, ஊர் திரும்பி டாக்காவின் கலைக் கல்லூரியைக் கட்டியிருந்தார். அதன் பின்னரும் 1957இல் லண்டனில் பயின்றார். 1961இல் யேல் பல்கலைக்கழகத்தில் மீண்டும் பயின்றார். ஒரே பள்ளி எல்லாவற்றையும் தந்துவிடும் என்று அவர் நம்பவில்லை போலும்.

அடெயெமியின் முறையீடு வெறும் உணர்ச்சியன்று. லண்டன் ஐம்பத்தொன்றரைப் பாகை வடக்கில் உள்ளது. அங்கே நண்பகற் கதிரவன் ஆண்டு முழுவதும் தெற்கில்தான் நிற்பான். உச்சிக்கு ஒரு நாளும் வரமாட்டான். ஆகவே தெற்குச் சுவரில் அகன்ற கண்ணாடி வைத்து ஒளியை வரவேற்க வேண்டும் என்பது அங்கே முதற்பாடம். சென்னையோ பதின்மூன்று பாகையில் உள்ளது. இங்கே ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்டு நடுவிலும் கதிரவன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கிறான். இடைப்பட்ட மாதங்களில் நண்பகலிலும் வடக்கே சாய்ந்து நிற்கிறான். நக்கீரர் சொன்ன கோலை இரண்டு ஊரிலும் நட்டுப் பாருங்கள். நிழல் ஒன்றாக இராது. அங்கே கற்ற பாடத்தை அப்படியே இங்கே இறக்கினால் என்ன நேரும் என்பதற்கு நம் நகரங்களின் கண்ணாடிக் கட்டடங்களே சான்று. அவற்றின் மின்கட்டணத்தைக் கேட்டால் கவிதை எழுதும் மனநிலை போய்விடும்.

இன்னொரு வகைத் தடுமாற்றத்துக்கு ஐ. எம். பெய் எடுத்துக்காட்டு. 1917இல் சீனத்தின் குவாங்சோவில் பிறந்தவர். 1935இல் அமெரிக்கா சென்று பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே பாரிசின் பழைய மரபையொட்டி, எழிலார்ந்த கைவரைபடங்களே எல்லாமாக இருந்தன. தம்மால் அவ்வாறு வரைய இயலாது என்று எண்ணிய பெய், விரைவிலேயே அதைத் துறந்து எம்.ஐ.டி.யில் பொறியியல் பயிலப் புகுந்தார். அங்கிருந்த கட்டடக் கலைத் துறையின் தலைவர் வில்லியம் எமர்சன் அவரது திறனைக் கண்டு மீண்டும் அக்கலைக்கே திருப்பினார். 1940இல் பட்டம், பின்பு ஹார்வர்டில் வால்ட்டர் க்ரோப்பியஸின் கீழ் மேற்பட்டம். உலகம் முழுதும் ஒரே வகைக் கட்டடம் என்ற எண்ணம் ஓங்கியிருந்த அந்த வகுப்பில், 1946இல் பெய் ஷாங்காய் நகரத்துக்கான ஓர் அருங்காட்சியகத்தை வடிவமைத்தார். சீனக் கலைப்பொருள்களைச் சீனத் தோட்ட முற்றங்களின் ஊடே வைத்துக் காட்டும் அமைப்பு அது. போரும் புரட்சியும் குறுக்கிட்டமையால் 1974 வரை அவர் தாய்நாட்டை மிதிக்கவே இல்லை. 2006இல், எண்பத்தொன்பதாம் அகவையில், தம் முன்னோரின் ஊராகிய சூசோவில் ஓர் அருங்காட்சியகத்தைக் கட்டி முடித்தார். தம் குடும்பத்துக்கு முன்னர் உரியதாயிருந்த தோட்டத்திற்கு அருகிலேயே அது நிற்கிறது. மாணவனாக வரைந்ததற்கும் முதியவராகக் கட்டியதற்கும் அறுபது ஆண்டு இடைவெளி. ஆசிரியர் வழி ஒன்றாக இருக்க, மாணவர் வேறு வழியில் வாதிட இடம் கொடுத்த பள்ளி அது. அந்த இடம் இருக்கிறதா என்பதை எந்தத் தரவரிசையும் அளப்பதில்லை.

நம் அண்டை நாட்டு மின்னெட் டி சில்வாவின் வரலாற்றையும் நீங்கள் அறிய வேண்டும். கண்டியில் 1918இல் பிறந்தவர். இலங்கையில் அந்நாளில் கட்டடக் கலைப் பள்ளி இல்லாமையால் பம்பாய் சென்று ஜே. ஜே. பள்ளியில் பயின்றார். காந்தியடிகளின் விடுதலைக்காக எழுந்த மாணவர் கிளர்ச்சியில் கலந்துகொண்டமையால் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். பின்னர் லண்டனில் ஆர்க்கிடெக்சரல் அசோசியேஷனில் பயின்று, 1948இல் பிரிட்டிஷ் அரச கட்டடக் கலைஞர் கழகத்தின் உறுப்பினரான முதல் ஆசியப் பெண்ணானார். ஊர் திரும்பிக் கண்டியில் கட்டிய முதல் வீட்டிலேயே தும்பறைப் பாய் நெசவையும் அரக்கு வேலையையும் சுடுமண் ஓட்டையும் புதிய கான்கிரீட்டோடு இணைத்தார். லண்டன் அவருக்கு நெசவாளரின் கைத்திறனைக் கற்பிக்கவில்லை. ஆனால் அதை மறக்கவும் செய்யவில்லை.

பள்ளியைத் தேடாமல் ஆசிரியரைத் தேடிச் சென்றோரும் உளர். ஸஹா ஹதீத் பாக்தாதில் பிறந்து, பெய்ரூட்டில் கணிதம் பயின்று, 1972இல் லண்டனின் அதே பள்ளியில் சேர்ந்தார். ஆல்வின் பொயார்ஸ்கியின் தலைமையில் அப்பள்ளி, மாணவர் தமக்குரிய ஆசிரியர் குழுவைத் தாமே தேர்ந்துகொள்ளும் முறையைப் பின்பற்றியது. அவருக்கு வாய்த்தவர்கள் ரெம் கூல்ஹாஸும் எலியா ஸெங்கெலிஸும். குருகுலம் என்ற நம் சொல்லுக்கு இது வெகு தொலைவில் இல்லை. ஆகவே மாணவருக்கு நான் சொல்வது: விளம்பர ஏட்டில் உள்ள கட்டடத்தின் புகைப்படத்தைப் பார்க்காதீர்கள், முதலிரண்டு ஆண்டுகளுக்குப் பயிற்றுவிப்பவர் யார், அவர் என்ன கட்டியிருக்கிறார், சென்ற ஆண்டு மாணவர் வரைந்தவை எவை என்று பாருங்கள். பெரிய பெயருடைய பேராசிரியர் இறுதியாண்டில் மட்டும் வந்து போகலாம்.

இனி, கவிதைக்கு வெகு தொலைவான, ஆனால் குடும்பங்களைக் கவிழ்க்கக்கூடிய ஒரு செய்தி.

நம் உறுப்பினர் ஒருவரின் மகளுக்கு அமெரிக்காவிலிருந்து இரண்டு அனுமதிக் கடிதங்கள் வந்தன. ஒன்று புகழ்மிக்க பல்கலைக்கழகத்தினுடையது, நான்காண்டுப் படிப்பு. மற்றது அதிகம் பேர் அறியாத மாநிலப் பல்கலைக்கழகத்தினுடையது, ஐந்தாண்டு பி.ஆர்க். "அண்ணே, பேரைச் சொன்னாலே ஊரே திரும்பிப் பார்க்கும். ஓராண்டுச் செலவும் மிச்சம்" என்றார் தந்தை. "பேர் பெரிதுதான் தம்பி. பட்டத்தின் பெயரை ஒருமுறை படித்துக் காட்டுங்கள்" என்றேன். கட்டடக் கலையில் பி.ஏ. என்றிருந்தது.

அமெரிக்காவில் தொழிற்பட்டங்களுக்கு ஏற்பு வழங்கும் வாரியம் பி.ஆர்க்., எம்.ஆர்க்., டி.ஆர்க். ஆகிய மூன்றையே ஏற்கிறது. பல்கலைக்கழகம் எவ்வளவு பெரிதாயினும் நான்காண்டு பி.ஏ. அல்லது பி.எஸ். பட்டம் தொழிற்பட்டம் ஆகாது. அதன் மேல் இரண்டாண்டு எம்.ஆர்க். முடித்தால்தான் பெரும்பாலான மாநிலங்களில் உரிமம் பெறும் வழி நேராகத் திறக்கும். மிச்சமாகும் என்று எண்ணிய ஓராண்டு, கூடுதலாக ஓராண்டாகிவிடுகிறது, கட்டணமும் அவ்வாறே. நான்காண்டுப் படிப்பு தாழ்ந்ததென்று நான் சொல்லவில்லை. இலக்கியமும் வரலாறும் பயின்று, பிறகு கட்டடக் கலைக்குள் புக விரும்புவோருக்கு அதுவே நல்ல வழி. ஆனால் ஆறாண்டு என்று அறிந்து செல்வது வேறு. நான்கு என்று எண்ணி நிலத்தை விற்றுவிட்டு அங்கே போய் அறிவது வேறு.

பிரிட்டனில் இது மூன்று படிநிலைகளாக வழங்கி வந்தது: மூன்றாண்டுப் பட்டம், இடையே அலுவலகப் பயிற்சி, மீண்டும் இரண்டாண்டு, இறுதியில் தொழில்முறைத் தேர்வு. இம்முறை இப்போது திருத்தப்பட்டு வருகிறது. சேர்பவர் புதிய விதியைக் கேட்டறிய வேண்டும். ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கற்பிப்புக் கட்டணம் இல்லை. ஆயினும் பாடன் வூர்ட்டெம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் பருவத்துக்கு 1500 யூரோ பெறுகிறது. இளநிலைப் படிப்பு பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான். கட்டணத்துக்கு ஈடாக ஒரு மொழியைக் கற்கச் சொல்கிறார்கள். கவிஞர்கள் அதை இழப்பாகக் கருத மாட்டீர்கள் என்று நம்புகிறேன். இவை தவிர, வரைபலகைக்கும் மாதிரி செய்யும் அட்டைக்கும் மரத்துக்கும் அச்சுப் படிகளுக்கும் ஆகும் செலவு எந்தக் கட்டணப் பட்டியலிலும் முழுதாக இராது. அங்கு முன்னமே பயிலும் மாணவரிடம் கேட்டால் உண்மை தெரியும்.

திரும்பி வந்து தொழில் செய்ய நினைப்போருக்கு இன்னொன்று. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டுக் கட்டடக் கலைஞர் சட்டத்தின்படி, கட்டடக் கலைக் குழுமத்தில் பதிவு செய்தவரே ஆர்க்கிடெக்ட் என்ற பெயரில் தொழில் நடத்தலாம். அயல்நாட்டுப் பட்டம் எதுவாயினும் அக்குழுமம் அதை ஏற்கிறதா என்பதைப் புறப்படுமுன் எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள். அந்தத் தந்தை இரு பல்கலைக்கழகங்களுக்கும் குழுமத்துக்கும் கடிதம் எழுதியிருக்கிறார். மகள் இன்னும் முடிவு செய்யவில்லை. முடிவு அவளுடையது, நான் ஐந்தாண்டின் பக்கம் சாய்கிறேன் என்பதை மட்டும் மறைக்கவில்லை.

விண்ணப்பத்தோடு அனுப்பும் படைப்புத் தொகுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போது அதைச் செய்து கொடுக்கவே நிலையங்கள் உள்ளன. எல்லாத் தொகுப்பிலும் ஒரே கோபுரம், ஒரே கண்ணாடிப் பாலம். மண்டபத்தில் பிறர் எழுதிய கவிதையைப் படித்துக் கைதட்டல் பெறுவதை நாம் என்ன சொல்லி அழைப்போமோ, இதையும் அவ்வாறே அழைக்கலாம். மாணவர் தம் வீட்டுத் திண்ணையை அளந்து வரையட்டும். மழைநீர் முற்றத்தில் விழுந்து எவ்வழியே வெளியேறுகிறது என்று வரையட்டும். புர்க்கினா ஃபாசோவின் காண்டோ என்ற சிற்றூரில் பிறந்த பிரான்சிஸ் கேரே, 1985இல் தச்சுப் பயிற்சிக்கான உதவித்தொகையில் ஜெர்மனி சென்றவர். பின்னர் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, மாணவராக இருக்கும்போதே நிதி திரட்டி 2001இல் தம் ஊருக்குப் பள்ளிக்கூடம் கட்டினார். மழைக்கு மண் நிற்குமா என்று ஊரார் ஐயுற்றனர். அழுத்திய மண்கட்டியால் சுவர் எழுப்பி, தகரக் கூரையை உயர்த்தி, இடையே காற்று ஓட விட்டார். பட்டம் பெற்றது 2004இல். 2022இல் பிரிட்ஸ்கர் பரிசு பெற்றபோது, அப்பரிசைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கர் அவரே. பெர்லினில் அவர் கற்றதன் பாதி, காண்டோவிலிருந்து அவர் எடுத்துச் சென்ற கேள்வியில் இருந்தது.

அங்குள்ள பயிற்சியின் உயிர்நாடி, ஸ்டூடியோவும் அதில் நிகழும் மதிப்பீட்டு அவையும். மாணவர் தம் வரைபடங்களைச் சுவரில் ஒட்டி நிற்க, ஆசிரியர் பலர் சூழ்ந்து கேள்வி தொடுப்பர். இரவெல்லாம் விழித்துச் செய்தது அரை மணியில் தூளாகலாம். நம் பிள்ளைகளுக்கு அதிர்ச்சி தருவது குளிரோ உணவோ அன்று, இதுவே. ஆசிரியர் முன் வாய்திறவாமல் இருப்பதைப் பணிவாகக் கற்றவர்கள், அங்கே பேசாதிருந்தால் விடையின்றி நிற்பவர்களாக எண்ணப்படுவர். ஆனால் அரங்கேற்றம் என்ற சொல்லும் நடைமுறையும் நமக்குப் புதியன அல்லவே. நூலைச் சான்றோர் அவையில் படித்து, ஒவ்வொரு தடைக்கும் விடை சொல்லி ஏற்பு வாங்கிய மரபு நம்முடையது. இவ்வட்டத்திலேயே பத்தாண்டுகளாக அதைத்தானே செய்து வருகிறோம்?

ஆகவே ஒரு வேண்டுகோள். நம் உறுப்பினர் வீட்டு மாணவர் இருவர் அடுத்த ஆண்டுக்கு விண்ணப்பிக்க இருக்கின்றனர். வரும் மாதக் கூட்டத்தில் கவிதை வாசிப்புக்கு முன் அரை மணி நேரம் ஒதுக்குவோம். அவர்கள் தம் வரைபடங்களை இச்சுவரில் ஒட்டட்டும். நமக்குக் கட்டடக் கலை தெரிந்திருக்க வேண்டியதில்லை. இந்தச் சன்னல் ஏன் இங்கே இருக்கிறது, பாட்டி எங்கே உட்காருவார், மழை வந்தால் செருப்பை எங்கே விடுவது என்று கேட்டால் போதும். ஆணிகளும் நூலும் நான் கொண்டுவருகிறேன். செயலாளர் அவர்கள் நிகழ்ச்சி நிரலில் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.