கடைமடைக்கும் வைத்தியம்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சாலையும் பாசனமும் பற்றியே நம்மிடம் கேட்டுப் பழகிய தாங்கள், இன்று ஒரு நோயைப் பற்றிக் கேட்க வேண்டுகிறோம். நமது வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில், மனநோய்க்கு மருந்துண்டு வரும் இளைஞர் ஒருவரின் இரத்தத்தில் ஹெபடைடிஸ் 'சி' கிருமி இருப்பது தெரிந்தது. வீட்டார் அவருக்குத் தனித் தட்டு வைத்தனர். "புத்தி பேதலித்தவனுக்கு இந்த வைத்தியம் எதற்கு?" என்றனர் ஊரார். நாமும் மறுமொழி கூறாது திரும்பினோம். அதற்கு இன்றும் வெட்கப்படுகிறோம். பின்னர் மருத்துவரிடம் கேட்டறிந்தவற்றைத் தங்கள் முன் வைக்கிறோம்.

1989-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட இக்கிருமி இரத்தத்தின் வழியே பரவுவது. ஒருவருக்குப் போட்ட ஊசியைப் பிறருக்கும் போடுதல், தூய்மையற்ற சவரக் கத்தி, பச்சை குத்தும் ஊசி ஆகியவற்றால் வரக்கூடும். உடனிருந்து உண்பதால் வாராது. பல்லாண்டுகள் அறிகுறியின்றி இருந்து ஈரலைச் சுருங்கச் செய்யும், புற்றுநோய்க்கும் வழிகோலும். இதற்குத் தடுப்பூசி இல்லை.

முன்னாளில் இதற்கு இன்டர்ஃபெரான் ஊசியைப் பல மாதங்கள் போட்டனர். அது கடும் மனச்சோர்வை விளைவிக்கக்கூடியது. ஆதலின் மனநோயாளருக்கு அதைக் கொடுக்க மருத்துவர் தயங்கினர். அக்காரணம் இன்று இல்லை. 2013-க்குப் பின் வந்த சோஃபாஸ்புவிர் முதலிய மாத்திரைகளைப் பெரும்பாலோர் 12 வாரம் உண்டால் போதும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு நோய் தீர்கிறது.

ஓர் எச்சரிக்கை. மனநோய்க்கும் வலிப்புக்கும் கொடுக்கப்படும் கார்பமசிபைன் என்னும் மருந்து, சோஃபாஸ்புவிரின் வலிமையைக் குறைத்துவிடும். எனவே நோயாளி உண்ணும் மருந்துகள் அனைத்தையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மனநோய் மருந்தைத் தாமாக நிறுத்திவிடலாகாது.

2018-ஆம் ஆண்டு தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி, இதற்கான சோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். மனநோயாளருக்கும் ஏனைய நோயாளருக்கு நிகராகச் சிகிச்சை அளிக்க வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம்.

உறுப்பினர்களே! தங்கள் வார்டில் இத்தகையோர் இருப்பின் மருத்துவமனைக்கு உடன் செல்லுங்கள். நாள் தவறாது மாத்திரை உண்ணுமாறு பார்த்துக்கொள்ள வீட்டில் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். நோயாளியின் பெயரை ஊரறியப் பேசாதீர்கள்.

அவ்விளைஞருக்குத் தமையனாரே நாள்தோறும் மாத்திரை எடுத்துக் கொடுத்தார். மருந்து முடிந்து 12 வாரம் கழித்துச் செய்த சோதனையில் கிருமி இல்லை. தனித் தட்டும் போயிற்று. கடைமடைக்கும் நீர் சேர்ந்தால்தான் பாசனம் முறையாயிற்று என்போம். வைத்தியமும் அவ்வாறே.