பெடலை விட்ட பிறகு

பிரேக் என்றால் காரை நிறுத்துவது என்றுதான் நினைக்கிறோம். நிறுத்திய காரை மறுபடி விடுவிப்பதும் பிரேக்கின் வேலைதான். பழைய கார்களில் அடிக்கடி கெடுவது இந்த இரண்டாவது வேலை.

எங்கள் கராஜுக்கு ஒரு பெரியவர் தன் எம்ஜிபியை ஏற்றிக்கொண்டு வந்தார். இங்கிலாந்தின் ஆபிங்டனில் 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார் அது. அவருடையது 1972ஆம் ஆண்டுக் கார். 8 வருடம் ஷெட்டில் நின்றிருக்கிறது. "பெடலை விட்டாலும் கார் அசையுதில்லை தம்பி" என்றார்.

முன் வலது சக்கரத்தைக் கழற்றினேன். டிஸ்க் முழுக்கத் துரு. வெளித்துருவுக்கு இங்கிலாந்தின் ஈரமும் குளிர்காலத்தில் தெருவில் தூவும் உப்பும் போதும். உள்ளே துரு எப்படி வந்தது? பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம்தான் டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனை அரிக்கிறது.

இறுகிய பிஸ்டனைக் கம்பிரசர் காற்றால் தள்ளாதீர்கள், நேயர்களே. தோட்டா போலப் பாய்ந்து விரலை முறித்துவிடும். நான் ஹோஸைக் கழற்றாமல், எதிர்ப்பக்கப் பிஸ்டனைக் கிளாம்பால் பிடித்துக்கொண்டு, பெரியவரைப் பெடலை மெல்ல அழுத்தச் சொன்னேன். "இன்னும் கொஞ்சம் ஐயா... போதும்... இன்னும் கொஞ்சம்." நூல் நூலாக வெளியே வந்தது பிஸ்டன், இடுப்பில் ஒரு துரு வளையத்தோடு. அதன்மேல் நகத்தை ஓட்டினேன், குழியில் தட்டியது. நகம் தட்டினால் தேய்த்துப் பார்க்கக்கூடாது, புதிது போடவேண்டும்.

இனி எனக்கு மிகப் பிடித்த இடம். பிஸ்டனைச் சுற்றி ஒரு றப்பர் சீல், சதுர வெட்டில். பெடலை அழுத்தினால் பிஸ்டன் நகரும். அதைப் பற்றியிருக்கும் சீல் சற்றே முறுகும். பெடலை விட்டதும் சீல் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும். திரும்பும்போது பிஸ்டனையும் ஒரு மயிரிழை பின்னே இழுத்துவிடும். இந்த டிஸ்க் பிரேக்கில் இழுப்பதற்கு ஸ்பிரிங் கிடையாது. அந்த மயிரிழைதான் சக்கரத்தை விடுவிக்கிறது. சீல் உட்காரும் பள்ளத்தில் துரு சேர்ந்தால் சீல் முறுக இடமில்லை. அதனால் அந்தப் பள்ளத்தை மரக்குச்சியால் பொறுமையாகச் சுரண்டுங்கள். புதுச் சீலைப் புதுப் பிரேக் ஆயிலில் நனைத்து விரலாலேயே பொருத்துங்கள். பெற்றோல் பட்டால் அந்த றப்பர் ஊதிவிடும்.

இன்னொன்று: பழைய பிரேக் தூசியில் ஆஸ்பெஸ்டஸ் இருக்கலாம். ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

நேரம் நெருங்கிவிட்டது. குறைந்தபட்சத் தடிப்புக்குக் கீழே தேய்ந்த டிஸ்க்கை மாற்றுங்கள். துருப்பிடித்த குழாயையும் வெடித்த ஹோஸையும் விட்டுவைக்காதீர்கள். ஆயிலை 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றி, காற்றை முழுக்க வெளியேற்றுங்கள்.

பிரிட்டனில் 40 வயது கடந்த, பெரிதாக மாற்றம் செய்யாத கார்களுக்கு 2018 முதல் வருடாந்தப் பரிசோதனை கட்டாயமில்லை. ஆகவே உங்கள் காரின் பிரேக்கைப் பார்க்க உங்களைத் தவிர வேறு ஆளில்லை. பெரியவர் இப்போது ஞாயிறுதோறும் காரை வெளியே எடுக்கிறார். உங்கள் காரும் ஷெட்டில் நிற்காமல் ஓடட்டும்; அழுத்தினால் நிற்கட்டும், விட்டால் உருளட்டும்.