நல்ல பழக் கேக் எங்கே கிடைக்கும்?
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியம் பேசிய அறிஞர்களுக்குப் பின் கேக்கைப் பற்றிப் பேச எழுந்திருக்கும் என் துணிவைக் கண்டு நீங்கள் நகைக்கக்கூடும். கொல்கத்தாவில் குடியேறிய தமிழர் அறிந்துகொள்ள வேண்டியவற்றுள் ஒன்றைப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். பெரிய பொருள்களையெல்லாம் பிறர் எடுத்துக்கொண்டமையால், எனக்கு எஞ்சியது இச்சிறு பொருளே.

இந்நகருக்கு நான் வந்த முதல் ஆண்டு. எங்கள் மாடியில் எதிர்வீட்டில் ஆங்கிலோ-இந்திய மூதாட்டி ஒருவர் தனித்து வாழ்ந்துவந்தார். என் மனைவி காய்ச்சலாகக் கிடந்த நாள்களில், மொழி தெரியாத எங்களுக்கு மருத்துவரை அழைத்து வந்தவரும், கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவரும் அவரே. அவ்வாண்டு கிறிஸ்துமஸுக்கு நன்றி தெரிவிக்க எண்ணி, தெருமுனைக் கடையொன்றில் பளபளக்கும் தாள் சுற்றிய கேக் ஒன்றை வாங்கிச் சென்று அளித்தேன். புன்னகையுடன் பெற்றுக்கொண்டார். அன்று மாலை, எங்களுக்கென்று வாங்கிய மற்றொன்றை வெட்டியபோதுதான் என் பிழை விளங்கிற்று. மரத்தூள் போல் உதிர்ந்தது. சிவப்பும் பச்சையுமாகச் சில துண்டுகளைத் தவிரப் பழம் என்பதே இல்லை. அவரோ ஒரு சொல்லும் குறை கூறவில்லை. மறு ஆண்டு டிசம்பர் பிறந்ததும் எங்கள் கதவைத் தட்டி, "இம்முறை என்னுடன் வா, எங்கே வாங்குவதென்று காட்டுகிறேன்" என்றார். அவரிடம் கற்றதையே உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் அழைத்துச் சென்ற இடம் நியூ மார்க்கெட். 1874-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற சந்தை அது. அங்குள்ள நாகூம் கடை, பாக்தாதிலிருந்து வந்து குடியேறிய யூதக் குடும்பத்தார் 1902-இல் தொடங்கிய வாணிகத்தின் வழிவந்தது. எண்ணிப் பாருங்கள்: கடை யூதருடையது, பண்டிகை கிறிஸ்தவருடையது, அடுப்படியில் உழைப்போருள் இஸ்லாமியர் பலர், வரிசையில் நிற்போருள் பெரும்பாலோர் வங்காள இந்துக்கள். 'பொடோ தின்' என்று வங்காளிகள் வழங்கும் அப்பெருநாள், நகரம் முழுமைக்கும் உரிய நாளாயிற்று. பார்க் தெருவில் 1927-இல் தோன்றிய ஃப்ளூரிஸ் ஸ்விட்சர்லாந்துக்காரர் நிறுவியது. இந்நகரின் சுவையை ஆக்கியவர்களுள் நம்மைப் போல் வந்தேறியவர்களும் உளர் என்பது நமக்கு ஊக்கந் தரும் செய்தியன்றோ!

பெயர் பெற்ற கடைகளில் மட்டுமே நல்லது கிடைக்கும் என்று கருதிவிடாதீர்கள். தால்தலா முதலிய பகுதிகளின் சிறு பேக்கரிகளுக்குக் குடும்பத்தினர் தம் மாவையும் பழங்களையும் தாமே கொண்டு சென்று, கண்ணெதிரே கலந்து, அங்குள்ள அடுப்பில் சுட்டுப் பெறும் வழக்கம் உண்டு. மூதாட்டியார் மிகவும் போற்றியது அவ்வழக்கத்தையே.

இனி, தேர்ந்தெடுக்கும் முறை. 'பிளம் கேக்' என்னும் பெயரைக் கண்டு அதில் பிளம் பழத்தைத் தேடவேண்டா. பழைய ஆங்கில வழக்கில் அச்சொல் உலர்ந்த திராட்சையையும் குறித்தது. திராட்சை, சர்க்கரையில் பதப்படுத்திய ஆரஞ்சுத் தோல், முந்திரி முதலியன நிறைந்திருப்பதே சிறந்தது. வண்ணத் துண்டுகளாகிய 'டூட்டி ஃப்ரூட்டி' பெரும்பாலும் பப்பாளிக் காயைப் பாகில் இட்டுச் செய்வது. 'செர்ரி' எனப்படுவதும் பல வேளைகளில் நம் களாக்காயே. இவ்வூரார் நீற்றுப்பூசணி மொரப்பாவையும் சேர்ப்பர். இவை தீயன அல்ல. ஆனால் இவை மட்டுமே இருப்பின் அதனை நல்ல பழக் கேக் என்னல் இயலாது.

உறையில் அச்சிட்ட பொருள்பட்டியலைப் படியுங்கள். எடையில் மிகுந்தது முதலிலும் குறைந்தது இறுதியிலும் வரவேண்டும் என்பது நம் நாட்டு உணவு விதி. மைதாவும் சர்க்கரையும் முன்னிற்க, பழம் எங்கோ கடைசியில் நின்றால் விலகிவிடுங்கள். கையில் எடுத்தால் அளவுக்கேற்ற கனம் இருத்தல் வேண்டும். வெட்டிய முகத்தில் பழம் அடியில் தங்காமல் எங்கும் பரவியிருத்தல் வேண்டும். கருநிறம் காய்ச்சிய சர்க்கரைப் பாகினால் வருவது. பாகு கருகினால் கசக்கும். சாதாரணக் கேக் அன்றே உண்ணத்தக்கது. பழக் கேக்கோ சில நாள் சென்றபின் சுவை கூடும். சர்க்கரையும் உலர்பழமும் அதன் ஈரத்தைக் காத்து நிற்பதே காரணம்.

சைவ உணவினர் இரண்டு வினாக்களைக் கூச்சமின்றிக் கேளுங்கள். முட்டை உண்டா? பழங்களை ரம் முதலிய மதுவில் ஊறவைத்தனரா? முட்டை சேர்ந்த பண்டத்தின் உறையில் பழுப்பு நிறக் குறி இருக்கும். உறையின்றி விற்கும் கடையில் வாய்விட்டுக் கேட்பதே வழி. தயிரோ சுண்டிய பாலோ சேர்த்து முட்டையின்றிச் செய்வதும், ஆரஞ்சுச் சாற்றில் பழத்தை ஊறவைப்பதும் உண்டு.

அன்பர்களே! ஓர் ஊரில் வாழ்தல் என்பது அங்கே வாடகை கொடுப்பது மட்டும் அன்று. இருபது ஆண்டு இங்கிருந்தும் ஊரிலிருந்து வரும் முறுக்கையும் அப்பளத்தையுமே எதிர்நோக்கி, அண்டை வீட்டார் பண்டிகையின் சுவையறியாது போவோர் நம்மில் உளர். முறுக்கு வரட்டும், அதில் ஒரு தட்டு எதிர்வீட்டுக்கும் செல்லட்டும். அங்கிருந்து வரும் கேக்கைப் பற்றி, எங்கே வாங்கினீர்கள் என்று கேளுங்கள். அக்கேள்வியே உறவின் தொடக்கம்.

அம்மூதாட்டியார் இப்போது இல்லை. பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில் இருக்கின்றனர். அவ்வீட்டில் பீகாரிலிருந்து வந்த இளந்தம்பதியர் குடிபுகுந்துள்ளனர். சென்ற டிசம்பரிலும் அதே வரிசையில் நின்று இரண்டு கேக் வாங்கினேன். ஒன்றை அவர்களிடம் கொடுத்தேன். "எங்கே வாங்கினீர்கள்?" என்று அப்பெண் கேட்டாள். அடுத்த ஆண்டு உடன் வருமாறு கூறியிருக்கிறேன்.