வீட்டில் ஒரு சிலம்பு நாள்
(பரிசளிப்பு விழாவில் பெற்றோர் சார்பில் ஆற்றிய உரை)

 

பெற்றோர் சார்பில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் மேடைப் பேச்சாளன் அல்ல, பால்மரம் வெட்டுகிறவன். ஆறாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. ஆகவே இலக்கியச் சொற்பொழிவு நடக்கப்போகிறது என்று யாரும் பயப்பட வேண்டாம். சென்ற விடுமுறையில் ஒரு நாள் முழுவதும் கண்ணகி கதையை வைத்து வீட்டில் பிள்ளைகளோடு கழித்தோம். அதை எப்படிச் செய்தோம், எங்கே சறுக்கினோம் என்று மட்டும் சொல்கிறேன். பிடித்திருந்தால் நீங்களும் செய்து பாருங்கள்.

என் மூத்தவள் ஆறாம் ஆண்டு. மகன் நான்காம் ஆண்டு. கடைக்குட்டிக்கு ஐந்து வயது. வகுப்பாசிரியை, சிலப்பதிகாரத்தை உரைநடையாக எழுதிய புத்தகம் ஒன்றைப் பள்ளியிலிருந்து மூத்தவளிடம் கொடுத்துவிட்டிருந்தார். புகார், மதுரை, வஞ்சி என்று மூன்று காண்டம், முப்பது காதை. நான் இரவில் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்தேன். என் தாயாருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் சிறுவயதில் தோட்டத்துக் கூத்தில் பார்த்த கோவலன் கதையை இன்றும் ராகம் போட்டுச் சொல்வார். புத்தகத்துக்கும் கூத்துக்கும் நிறைய வேறுபாடு. "எது சரி?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். இரண்டையும் கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

முதலில் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். காலையில் எல்லாரையும் பாயில் உட்கார வைத்து, வாத்தியார் மாதிரி உரக்கப் படிக்க ஆரம்பித்தேன். கால் மணி நேரத்தில் மகன் தூங்கிவிட்டான். "என்னங்க, இது விடுமுறைங்க!" என்றாள் என் மனைவி. புத்தகத்தை மூடினேன். எழுந்து நடந்தோம்.

நடை எதற்கு என்றால், கோவலனும் கண்ணகியும் பொழுது விடியுமுன்பே காவிரிப்பூம்பட்டினத்தை விட்டுப் புறப்பட்டு மதுரைக்கு நடந்தே போகிறார்கள். முப்பது காதம். எங்கள் வரிசை வீடுகளை ஒரு சுற்று சுற்றினால் ஒரு காதம் என்று கணக்கு வைத்துக்கொண்டோம். சுண்ணாம்புக் கட்டியால் வாசலில் கோடு போட்டு, காவிரி, உறையூர், வைகை, மதுரை என்று ஊர்ப்பெயர்களை மகன் எழுதினான். பாட்டி கவுந்தியடிகள், கையில் கோலோடு நாற்காலியில் உட்கார்ந்து சுற்றுகளை எண்ணினார். இரண்டாம் சுற்று முடியவில்லை, கடைக்குட்டி என் கையைப் பிடித்து இழுத்து, "அப்பா, மதுரை வந்திருச்சா?" என்றாள். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஏனென்றால் கண்ணகியும் அதையேதான் கேட்கிறாள்! வீட்டைவிட்டு வெளியே நடந்தறியாத பெண். கொஞ்ச தூரத்திலேயே களைத்துப்போய், மதுரை எது என்று கேட்கிறாள். கோவலன் சிரித்துக்கொண்டே, முப்பது காதந்தான், பக்கம்தான் என்கிறான். புத்தகத்தைத் திறந்து அந்த இடத்தைக் காட்டினேன். தூங்கிவிழுந்த மகன்தான் முதலில் எட்டிப் பார்த்தான். முப்பது சுற்றும் முடிக்கவில்லை. பதினொன்றில் நிறுத்திக்கொண்டோம்.

தாய்மார்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மதுரையில் ஆயர் குலத்து மாதரி வீட்டில் கண்ணகி தன் கையால் சமைக்கிறாள். கணவனுக்கு அவள் போடும் கடைசிச் சோறு அது. என்ன சமைத்தாள் என்பதற்கு இளங்கோவடிகள் குறிப்பே கொடுத்திருக்கிறார். மாதரி கொடுத்தவை பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், சாலி அரிசி, பசுவின் பால் பயன்கள். காய் அரிந்து அரிந்து அவள் விரல் சிவந்துபோனதாம். எங்களுக்கு மாதுளங்காய் அகப்படவில்லை. பலாக்காய் பக்கத்து வீட்டு மரத்தில் கிடைத்தது. மூத்தவள் வெள்ளரிக்காய் அரிந்தாள். மகன் வாழையிலை அறுத்து வந்தான். இறைச்சி இல்லாத சாப்பாடா என்று முதலில் முகம் சுளித்தவன், கதை தெரிந்த பிறகு இலையில் ஒரு பருக்கை வைக்கவில்லை. அன்றைய மொத்தச் செலவு 15 வெள்ளிக்குள்.

சிலம்பு செய்ததுதான் பிள்ளைகளுக்குப் பெரிய கொண்டாட்டம். சிறு சிரட்டைகளை இரண்டிரண்டாகச் சேர்த்து, விளிம்பில் ரப்பர் பால் தடவி ஒட்டிக் காயவைத்தோம். இதை முதல் நாளே செய்துவிட வேண்டும். ஒன்றுக்குள் சாகா மரத்துச் சிவப்பு விதை, அது மாணிக்கம். இன்னொன்றுக்குள் ஜவ்வரிசி; அது முத்து. குன்றிமணியைப் போட்டுவிடாதீர்கள், அது நஞ்சு. சின்னப் பிள்ளைகள் வாயில் வைத்துவிடும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி. காதருகே ஆட்டினால் ஓசை வேறு. கண்ணை மூடிக்கொண்டு எது எது என்று கண்டுபிடிக்கும் விளையாட்டு ஒரு மணி நேரம் நடந்தது. பாட்டிதான் ஒருமுறைகூடத் தவறவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு பாண்டியன் சபை. மூத்தவள் கண்ணகி, மகன் கோவலன், நான் நெடுஞ்செழியன். கவிழ்த்துப் போட்ட பால் வாளிதான் சிம்மாசனம். கதை உங்களுக்குத் தெரியும். அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன், பழியைக் கோவலன் மேல் போடுகிறான். ஊடிப்போன அரசியைத் தேடி அவசரமாகப் போய்க்கொண்டிருந்த அரசன், ஒரு வார்த்தை விசாரிக்காமல் காவலரை ஏவிவிடுகிறான். நானும் கையை நீட்டி, "கொண்டுபோங்கள்" என்றேன்.

மகன் நகரவில்லை. தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்: "அன்னைக்கும் நீங்க கேக்கலியேப்பா."

பெரியோர்களே, இதை மேடையில் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லத்தான் வேண்டும். சில மாதங்களுக்கு முன்னால் வீட்டில் 10 வெள்ளி காணாமல் போயிற்று. அன்று இவன் கடைவாசலில் மிட்டாய் தின்றதை ஒரு பையன் வந்து சொன்னான். நான் கேள்வி கேட்கவில்லை. இடுப்பு வாரைக் கழற்றினேன். இரண்டு வாரம் கழித்து, அந்த நோட்டு என் மழைக்கோட்டுப் பையிலேயே மடிந்து கிடந்தது. வைத்தவன் நானே. மிட்டாய் அவனுடைய கூட்டாளி வாங்கிக் கொடுத்தது. எடுத்த பணத்தைச் சத்தமில்லாமல் செலவழித்துவிட்டேன். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. தகப்பன் பிள்ளையிடம் போய்த் தவறு என்று சொல்வதா என்ற வீம்பு.

வாளியில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். என் மனைவி அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். என் தாயார் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை விட்டுவிடுகிறேன். மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப ராசா செத்துப் போவணுமா?" என்று கேட்டான். கண்ணகியின் சிலம்பை உடைத்து, மாணிக்கம் தெறித்தவுடன், பொற்கொல்லன் சொல் கேட்ட நானே கள்வன் என்று சொல்லிப் பாண்டியன் உயிர்விடுகிறான் அல்லவா? அது அவன் மனதில். "சாகவேண்டாம், மாத்திப் போட்டுக்கலாம்" என்றான். "இளங்கோவடிகள் எழுதினதை மாத்தக் கூடாது" என்று அக்காள் சண்டைக்கு வந்தாள். கடைசியில் பாட்டி தீர்ப்புச் சொன்னார்: புத்தகத்தில் உள்ளபடி ஒருமுறை, விசாரணையோடு ஒருமுறை.

விசாரணைக்கு என்னென்ன கேட்க வேண்டும் என்று பிள்ளைகளே எழுதினார்கள். திருடியதை யார் பார்த்தது? சொல்கிறவன் யார், அவனுக்கு இதில் என்ன லாபம்? சிலம்பு ஜோடியாயிற்றே, இன்னொன்று எங்கே? உள்ளே இருப்பது முத்தா, வேறா? அரசியின் சிலம்பில் என்ன இருந்தது? ஏழு கேள்விகள். ஏழாவது மகனுடையது: "நீ என்ன சொல்கிறாய்?" கோவலனை அந்த ஊரில் யாரும் அதைக் கேட்கவில்லை. பிறகு சிரட்டையைத் தரையில் அடித்தோம். சிவப்பு விதைகள் கட்டிலுக்கு அடியிலெல்லாம் ஓடின. அந்த ஏழு கேள்வித்தாளை மகன் கதவுக்குப் பின்னால் ஒட்டிவைத்திருக்கிறான். இன்னும் இருக்கிறது.

மதுரை எரிந்ததைச் சொன்னபோது கடைக்குட்டி அழ ஆரம்பித்துவிட்டாள். குழந்தைகளையும் முதியவர்களையும் தொடாதே என்று கண்ணகி தீயிடம் சொன்னாள் என்றதும்தான் அடங்கினாள். பாட்டிக்கும் நிம்மதி. விளக்கு வைத்த பிறகு, சேரன் செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல் கொண்டுவந்ததையும், இலங்கைக் கயவாகு மன்னன் விழாவுக்கு வந்ததையும் அட்லசில் விரல் வைத்துப் பார்த்தார்கள். ஓலைச்சுவடிகளைத் தேடி 1892ஆம் ஆண்டு உ.வே. சாமிநாதையர் இதைப் பதிப்பித்தார் என்று மூத்தவள் புத்தக முன்னுரையிலிருந்து படித்துக்காட்டினாள்.

செய்ய நினைப்பவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. கதையைப் பெரியவர் ஒருவர் முன்கூட்டியே முழுதும் படித்திருக்க வேண்டும். வேலைக்குப் போகாத நாளாகப் பாருங்கள். பாதி நாளில் கூப்பிட்டு அனுப்பினால் பிள்ளைகள் மனம் ஒடிந்துவிடும். மதிப்பெண் போடாதீர்கள். எழுதத் தெரியாத தாய் தகப்பன் தயங்கவே வேண்டாம். எங்கள் வீட்டில் அன்று அதிகம் சொல்லிக்கொடுத்தவர் கைநாட்டு வைக்கும் என் தாயார்தான்.

அடுத்த விடுமுறைக்குக் குனோங் லேடாங் இளவரசி கதை என்று முடிவாகியிருக்கிறது. மலாக்கா சுல்தானிடம் அவள் கேட்ட சீர்வரிசையில் ஏழு தட்டுக் கொசு இதயங்களும் உண்டு. கடைக்குட்டி இப்போதே கொசு பிடித்துத் தீப்பெட்டியில் சேர்க்க ஆரம்பித்துவிட்டாள்.